கிடங்குப் பின்வாசல் உலக சபை

உலகம் இன்னும் சிதறிப் போகாமல் உருண்டுகொண்டிருப்பதற்கு எங்கள் கிடங்கின் பின்வாசல்தான் காரணம். வரலாறு எழுதுகிறவர்கள் இதை இன்னும் கவனிக்கவில்லை. அவர்கள் மூட்டை தூக்குகிறவர்களோடு டீ குடிப்பதில்லை.

காலை பத்தரைக்குச் சபை கூடும். கவிழ்த்த பெயின்ட் வாளிகள்தாம் ஆசனங்கள். உறுப்பினர் ஒன்பது பேர். கால் மணி நேர இடைவேளையில் ஒரு போர், ஒரு பந்தாட்டம், முடிந்தால் ஒரு நடிகையின் விவாகரத்து ஆகியவற்றுக்குத் தீர்ப்பு வழங்கிவிட்டு, பீடியை அணைத்துவிட்டு எழுந்துவிடுவோம்.

"ரெண்டு அதிபரையும் இங்க கூட்டிட்டு வா. நடுவுல உக்காந்து நான் முடிச்சு வைக்கிறேன்" என்பார் எடைபோடும் அண்ணன்.

"மாடிப்படியில செருப்பு விடுற தகராறு உங்க வீட்ல மூணு வருசமா ஓடுதேண்ணே?" என்பாள் பேக்கிங் அக்கா.

"அது உள்நாட்டு விவகாரம்."

தீர்மானங்களை உடனுக்குடன் செல்போன் குழுவில் போடுவது என் பொறுப்பு. ஒருமுறை ஒரு வல்லரசு அதிபரை நான் 'வன்மையாகக்' கண்டித்தேன். மறுநாள் அவர் மேடையில் இருமினார்.

"பாத்தியா, ஆடிப் போயிட்டான்!" என்றார் எடைபோடும் அண்ணன்.

பெனால்டியைத் தவறவிட்ட ஒரு வீரனையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. 'முதுகெலும்பில்லாதவன்' என்று அவனுடைய முகநூல் பக்கத்திலேயே போய் எழுதினேன். நாற்பத்தோரு பேர் விருப்பக்குறி இட்டார்கள். அஞ்சாத சபை எங்களுடையது.

இப்படி உலகம் சீராக இருந்தபோதுதான் ஃபோர்க்லிஃப்டில் பிரேக் பிடிக்காமல் போய், வண்டி பெயின்ட் அடுக்கில் மோதியது. தரையெல்லாம் நீலம். ஓட்டியவர் என் தங்கை வீட்டுக்காரர். தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்தார். பிரேக் பழுது என்று முன்பே சொல்லியிருந்தால் தவறு மேஸ்திரியுடையது. சொல்லாமல் ஓட்டியிருந்தால் மச்சானுக்கு வேலை போகும். விதி அவ்வளவு தெளிவு.

"போன செவ்வாக்கிழமையே சொன்னேன் சார். இதோ, இவங்க எல்லாரும் டீ குடிச்சிட்டு இருந்தாங்க" என்றார் மச்சான்.

உண்மை. சொன்னார். மேஸ்திரி "ஓட்டுய்யா, பாத்துக்கலாம்" என்றதும் உண்மை.

அதிகாரி எங்கள் பக்கம் திரும்பினார். ஓவர்டைம் பட்டியல் எழுதும் மேஸ்திரி, கைகட்டியபடி அவர் பின்னால் நின்றார்.

"அன்னைக்கு எனக்குக் காது அடைச்சிருந்துச்சு சார்" என்றார் எடைபோடும் அண்ணன்.

"ஆம்பளைங்க பேச்சை நான் காதுல வாங்கறதே இல்ல சார்" என்றாள் பேக்கிங் அக்கா.

இப்படியே என் முறை வந்தது. மச்சான் என்னைப் பார்த்தார்.

"மச்சான், நான் சொன்னப்ப நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க?"

நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"ரெண்டு தரப்பையும் நல்லா விசாரிக்கணும் சார். அவசரப்பட்டு யாரும் கருத்துச் சொல்லிடக் கூடாது."

இத்தனை நிதானமான வாக்கியத்தை எங்கள் சபை அதுவரை கேட்டதில்லை. மேஸ்திரியே தலையாட்டிப் பாராட்டினார்.

அதிகாரி எழுதி, உரக்கப் படித்தார்: 'ஓட்டுநர் புகார் சொன்னதை நேரில் கேட்டவர் எவருமில்லை.' அதை நேரில் கேட்டவர்களாகிய நாங்கள் ஒன்பது பேரும் கீழே கையெழுத்திட்டோம்.

நாற்பத்தாறு வயதில் எழுத்துக் கற்றவன் நான். என் பெயரைப் பிழையில்லாமல் முழுசாகப் போட்டு முடிக்கச் சற்று நேரம் பிடித்தது. அதுவரை மச்சான்தான் அந்தக் காகிதம் பறக்காமல் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.