டெர்மின் அக்காவின் வெந்நீர்ப் பயணம்

நேரம் தவறாமையைக் கண்டுபிடித்தவர்கள் ஜெர்மானியர்கள் என்று உலகமே நம்பிக்கொண்டிருக்கிறது. பாவம், உலகத்துக்கு டெர்மின் அக்காவைத் தெரியாது. ஸ்டுட்கார்ட்டில் எனக்கு மேல் மாடியில் குடியிருந்தார். காலையில் அவர் படியிறங்கும் சத்தம் கேட்டு, எதிர்வீட்டு ஜெர்மன்காரர் தன் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

டெர்மின் என்றால் ஜெர்மன் மொழியில், முன்கூட்டியே கேட்டு வாங்கி வைக்கும் சந்திப்பு நேரம். டாக்டரைப் பார்க்க டெர்மின், வங்கிக்குப் போக டெர்மின், முடி வெட்டிக்கொள்ள டெர்மின். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் வந்திறங்கிய அக்கா, இந்த ஊரில் வேறெதைப் பிடித்தாரோ இல்லையோ, இந்த ஒரு வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் நகரப் பேருந்து ஓட்டுபவர், பேசவே காசு கேட்பார் போல அவ்வளவு அமைதி. அவரே தன் கைப்பேசியில் மனைவியின் எண்ணை 'டெர்மின்' என்றுதான் பதிந்து வைத்திருந்தார். "அக்காவோட நிஜப் பேரு என்னண்ணா?" என்று ஒரு முறை கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.

நான் திருச்சியிலிருந்து கணினி வேலைக்கு வந்து இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமை. அடுப்பில் சாம்பார், வீட்டில் புளி இல்லை. மேல் மாடியில் தமிழ்க் குடும்பம் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஓடிப்போய் மணியடித்தேன். அக்கா அன்பாகத்தான் சிரித்தார். பிறகு சுவரில் தொங்கிய நாட்காட்டியை ஒரு பார்வை பார்த்தார்.

"இண்டைக்கு ஏலாது பிள்ளை. வியாழக்கிழமை பின்னேரம் வாரும்."

"அக்கா, சாம்பார் அடுப்புல கொதிக்குது!"

"அப்ப நிப்பாட்டும். வியாழக்கிழமை கொதிக்க வையும்."

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து அன்றைக்கு ஒப்பேற்றினேன். வியாழக்கிழமை போனால் மேசையில் புளி மட்டுமா இருந்தது? புட்டு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு டப்பா. என் டெர்மினுக்காக ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே தயாராகிக்கொண்டிருந்திருக்கிறார்.

அறிவிப்பில்லாமல் வரும் எதையும் அக்காவால் பொறுத்துக்கொள்ள முடியாது. அண்ணனுக்கு, அதாவது அவர் கணவருக்கு, பித்தப்பையில் கல் வந்து துடித்துக்கொண்டிருந்தபோது, ஆம்புலன்ஸில் ஏற்றுகிறவர்களுக்கு நடுவே நின்று, "இதை நேற்றே சொல்லியிருக்கலாமெல்லோ!" என்று அவரைத் திட்டியது தெருக்கோடி வரை கேட்டது.

அப்பேர்ப்பட்ட அக்காவுக்கு முட்டிவலி வந்தது. முதியோர் இல்லத்துச் சமையலறையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர். டாக்டர் பரிசோதித்துவிட்டு, "வெந்நீரில் நடங்கள். ஊருக்கு வெளியே அந்தப் பெரிய கண்ணாடிக் கூடம் இருக்கிறதே, பூமிக்கடியிலிருந்து வரும் சூடான தண்ணீர்க் குளங்கள், அங்கே ஓர் அரை நாள் போய் வாருங்கள். நல்லாயிருந்தால் அடிக்கடி போங்கள். இல்லாவிட்டால் பிறகு அறுவை சிகிச்சைதான்" என்றார்.

"அரை நாள் எண்டால் எந்த அரை? காலமையோ பின்னேரமோ?" என்று அக்கா கேட்டிருக்கிறார்.

"எதுவானாலும் சரி" என்றாராம் அவர். விவரம் தெரியாத மனிதர்.

அக்காவின் சமையலறையில் திட்டக் குழு கூடியது. குழுவில் அக்கா, நான், கீழ் வீட்டு ஹன்னலோர. ஹன்னலோர எழுபதைத் தாண்டிய தனிக்கட்டை. வாராவாரம் அந்தக் கூடத்துக்குப் போய்வருகிறவர்.

"துண்டை எடு, பஸ்ஸில் ஏறு" என்றார் ஹன்னலோர். அவருடைய திட்டம் அவ்வளவுதான்.

அக்கா அவரைப் பார்த்த பார்வையில், ஒரு நாடு எப்படி வீழ்ச்சியடைகிறது என்பது விளங்கிவிட்ட துயரம் தெரிந்தது.

இணையதளத்தில் எல்லாப் படமும் இருந்தது. "படத்தை நம்பேலாது" என்று அக்கா அண்ணனை வேவு பார்க்க அனுப்பினார். தரை வழுக்குகிறதா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, உடை மாற்றும் அறையிலிருந்து குளம் எவ்வளவு தூரம் என்று பார்த்துவர வேண்டும். அண்ணன் சாயங்காலம் திரும்பி வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார்.

"என்னப்பா, தரை வழுக்குதோ?"

"தெரியேல்லை."

"கம்பி இருக்கோ?"

"நான் ஒண்டும் பாக்கேல்லை."

"அப்ப இவ்வளவு நேரமும் என்ன செய்தனீங்கள்?"

"கண்ணை மூடிக்கொண்டு நிண்டனான்."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. அண்ணன் குளத்துக்கென்று நினைத்துத் திறந்தது சவுனா பகுதியின் கதவை. இந்த ஊரில் சவுனா என்னும் வேர்வைக் குளியல் அறையில் ஆணானாலும் பெண்ணானாலும் துணி உடுத்த அனுமதி இல்லை. அது போதாதென்று, உள்ளே அவருடைய பேருந்துப் பணிமனையின் மேலாளர் இருந்திருக்கிறார்.

"பாத்தவுடனே சந்தோஷமா எழும்பி நிண்டு கை தந்தவர்" என்றார் அண்ணன்.

அந்தக் கதவின் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் குளத்தை அடைவது எப்படி என்பது அடுத்த சில கூட்டங்களின் பொருளானது. அதன் பிறகு குளியல் உடை. கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் கருநீல உடை ஒன்றை வரவழைத்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். காட்டினார் என்றா சொன்னேன்?

"கண்ணை மூடும். ம், இப்ப சொல்லும், வடிவா இருக்கோ?"

"கண்ண மூடிட்டு எப்படிக்கா சொல்றது?"

"நீர் படிச்ச பிள்ளைதானே!"

கடைசியில் ஒத்திகை. எங்கள் கட்டடத்தின் நிலவறையில் பொதுச் சலவை அறை உண்டு. துவைக்கும் இயந்திரங்கள்தான் உடைகளைப் பூட்டிவைக்கும் பெட்டகங்கள், கொடிக்கயிறுகள்தான் ஷவர், வடிகால் மூடிதான் குளம். நிஜக் கூடத்தில் கையில் கட்டும் பட்டையைக் காட்டினால்தான் பெட்டகம் திறக்குமாம், அதற்குப் பதிலாக ஆளுக்கொரு தலைமுடி ரப்பரை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டோம். மூன்று பெண்கள் நீராடல் அங்கியும் செருப்புமாக, தோளில் துவாயோடு, துவைக்கும் இயந்திரத்தைப் பயபக்தியுடன் சுற்றிவருகிறோம். அழுக்குத் துணிக்கூடையோடு உள்ளே நுழைந்தான் புதிதாகக் குடிவந்த இளைஞன். அப்படியே நின்றான்.

"நாங்கள் வெந்நீர்க் குளத்தில் இருக்கிறோம்" என்றார் ஹன்னலோர், நிதானமாக.

அவன் பின்பக்கமாகவே நடந்து படியேறிப் போனான். அதற்குப் பிறகு அவன் துணியை எங்கே துவைத்தான் என்று எனக்குத் தெரியாது.

எல்லாம் ஆயிற்று, போகவேண்டியதுதான் பாக்கி. ஆனால் போகும் நாள் மட்டும் வரவில்லை. மழை என்று ஒரு வாரம் தள்ளிப்போனது. பள்ளி விடுமுறை, குளத்தில் குழந்தைகள் என்னவெல்லாம் செய்யுமோ என்று ஒரு மாதம். ஹன்னலோர இருமினார் என்று இன்னொரு வாரம். இலையுதிர் காலத்தில் தொடங்கிய திட்டம் பனிக்காலத்தையும் தாண்டி நின்றது. அரை நாள் குளியலுக்கு அரை வருடத் திட்டம். அக்கா இப்படி எதையும் தள்ளிப்போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து வருகிறேன், அக்கா மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கடைப்பை.

"என்னக்கா?"

"ஒண்டுமில்லை. சும்மா இருக்கிறன்."

படியில் சும்மா உட்காருவதற்கு அவருடைய நாட்காட்டியில் இடமே கிடையாது என்று எனக்குத் தெரியும். பையை வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு படியாக, கைப்பிடியில் முழுப் பாரத்தையும் போட்டு ஏறினார். வீட்டுக்குப் போன கையோடு நாலு பேருக்கு நுழைவுச் சீட்டு எடுத்துவிட்டு, மறுபடி மேலே போய்ச் சொன்னேன். "அக்கா, வர்ற சனிக்கிழமை காலைல போறோம். புக் பண்ணியாச்சு."

"என்னைக் கேக்காமல் டெர்மின் எடுத்தனீரோ?"

கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் முகத்தில் வந்தது வேறென்னவோ. வாழ்க்கையில் எல்லாருக்கும் இவர்தான் நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறார். இவருக்காக யாரும் குறித்ததில்லை போலிருக்கிறது.

சனிக்கிழமை அண்ணன்தான் காரோட்டினார். அங்கே கதவு திறக்கும் முன்பே போய் நின்றோம். வெளிச் சாப்பாட்டுக்கு உள்ளே அனுமதி இல்லையென்பதால் அக்கா சுட்டுக் கொண்டுவந்த மீன் அடைத்த ரோல்ஸ் அண்ணனோடு காரிலேயே தங்கின. "நீங்களும் வாங்கண்ணா, உங்களுக்கும் சீட்டு இருக்கு" என்றேன். அவர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

உள்ளே போனதும் எனக்கு இட்லிப் பானைக்குள் நுழைந்தது போலிருந்தது. தலைக்கு மேலே விமான நிலையம் அளவுக்குக் கண்ணாடிக் கூரை, அதில் வழியும் ஆவி, ஓரமெல்லாம் நிஜப் பனைமரம் போன்ற ஏதோ மரங்கள். வெளியே இன்னும் பனி. உள்ளே பளபளக்கும் தண்ணீரில் ஜெர்மானியர்கள் கண்ணை மூடி மிதந்துகொண்டிருந்தார்கள். திட்டம் அச்சுப் பிசகாமல் நடந்தது. தரை வழுக்கவில்லை. கம்பி இருந்தது. ஹன்னலோர கையசைத்துவிட்டு நேராக அந்தச் சவுனா கதவுக்குள் போனார். அக்கா மரங்களை ஆராய்ந்தார்.

பிறகு ஒரு சாய்வு நாற்காலியில் மூன்று துவாய்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீர் போம். நான் சாமான் பாக்கிறன்."

"என்னக்கா சாமான்? மூணு துண்டு! யாரு எடுக்கப் போறா?"

"ஆர் கண்டது."

பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா குளத்தின் ஓரத்தில் ஆழம் எழுதியிருந்த பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவராகவே மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை, உள்ளுக்க இறங்கினாப் பிறகு என்ன செய்யிறது எண்டு நான் இன்னும் யோசிக்கேல்லை. இவ்வளவு நாளா யோசிச்சனான். அதுக்கு மட்டும் ஒண்டும் வரேல்லை. எனக்குத் தண்ணி எண்டால் சரியான பயம்."

"நான் முதல்ல இறங்கிக் காட்டுறேன்கா, பயமே இல்ல பாருங்க" என்று வீரமாக எழுந்தேன். எனக்கும் நீச்சல் தெரியாது என்பதை அந்த வேகத்தில் மறந்துபோனேன்.

வெந்நீர் இதமாகத்தான் இருந்தது. நெஞ்சளவு ஆழம். நான் போய் நின்ற இடம்தான் கோளாறு. குளத்தின் ஒரு பக்கம் தண்ணீரை வேகமாகச் சுழற்றி விடுகிறார்கள், ஆட்கள் அதில் சொகுசாக மிதந்து சுற்றிவர. அது என்னை ஒரே இழுப்பில் இழுத்தது. கால் வழுக்கியது, வாய்க்குள் உப்புத் தண்ணீர், ஒரு ஜெர்மன் தாத்தாவின் தோளைப் பிடிக்கப் போய் அவரும் வழுக்க, இரண்டு கையையும் மேலே தூக்கி ஆட்டினேன்.

அப்போது கூடமே அதிர, தமிழிலும் ஜெர்மனிலுமாக உதவி கேட்டு ஒரு குரல்.

"ஐயோ, என்ர பிள்ளை! ஹில்ஃப! ஹில்ஃப!"

திரும்பிப் பார்த்தால், நீராடல் அங்கி, செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றோடும் டெர்மின் அக்கா ஆகாயத்தில் இருந்தார். படியில் இறங்கவில்லை. கம்பியைப் பிடிக்கவில்லை. குளத்து ஓரத்திலிருந்து குதித்தேவிட்டார். விழுந்த வேகத்தில் அங்கி உப்பி, வெள்ளைப் பலூன் ஒன்று என்னை நோக்கி வேகமாக வந்தது. பாதுகாவலர் விசிலை ஊதினார். மிதந்தவர்கள் எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். பலூனுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து நிறுத்தியது.

நின்ற பிறகுதான் அக்கா கீழே பார்த்தார். தண்ணீர் அவருக்கும் நெஞ்சளவுதான்.

"நிலம் இருக்குது!" என்றார், பெரிய ஆச்சரியத்தோடு.

பாதுகாவலர் ஓரத்தில் குனிந்து, அங்கியோடு குளத்தில் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கட விதியெல்லாம் நான் வரி விடாமல் வாசிச்சனான். குதிக்கிற ஆக்களுக்கு எண்டு ஒண்டுமே எழுதேல்லை!" என்று தமிழில் தொடங்கி ஜெர்மனில் முடித்தார். மனிதர் நனைந்த அங்கியையும் செருப்பையும் வாங்கிக்கொண்டு மரியாதையாகப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அக்கா வெளியே வரவேயில்லை. முதலில் கரையோரமாக நடந்தார். பிறகு நடுவில் நடந்தார். "முழங்கால் இருக்கிறதே தெரியேல்லை பிள்ளை" என்றார். ஹன்னலோர சவுனாவிலிருந்து திரும்பி, எங்களைக் கண்டுபிடித்துக் கைதட்டிவிட்டு மறுபடி உள்ளே போனார். நாங்கள் வாங்கிய அரை நாள் முடிந்து, அதற்கு மேலும் நேரம் ஓடியது. "அக்கா, டைம் ஆச்சு, அண்ணா வெயிட் பண்ணுவாங்க" என்றேன். அண்ணன் அதற்குள் காரில் ரோல்ஸ் அத்தனையையும் தீர்த்துவிட்டுத் தூங்கிப்போயிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

"சும்மா இரும். இப்பதானே வந்தனாங்கள்" என்றார் டெர்மின் அக்கா.

சொன்னாரே தவிர என்னைச் சும்மா விடவில்லை. நீச்சல் தெரியாமல் ஏன் அந்தப் பக்கம் போனனீர், உம்மட அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது, படிச்ச பிள்ளை செய்யிற வேலையோ இது என்று குளம் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார். நான் தலையாட்டிக்கொண்டே கூட நடந்தேன். என் மணிக்கட்டை இழுத்துப் பிடித்த அந்தக் கை, தண்ணீருக்கடியில் அப்படியேதான் இருந்தது. அது அவருடைய பயத்துக்கா, எனக்காகவா என்று நான் கேட்கவில்லை. நானும் விடவில்லை.