ஜாடிக்குள் ஒரு கை

வண்டன்மேட்டுக் கடைத்தெருவில் ஏலக்காய் வாங்கி விற்கும் சுவக்கீன், ஒரு திங்கட்கிழமை காலையில், இனிமேல் தன் கடையில் கள்ளன் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அறிவித்தார். அறிவித்தது மனைவி இன்பமேரியிடம். அவள் அப்போது அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதி முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி" என்றாள்.

இவ்வளவு பெரிய அறிவிப்புக்கு இவ்வளவு சின்ன சரி சுவக்கீனுக்குப் போதவில்லை. ஆனாலும் மேலே போனார்.

விஷயம் ஒரு கண்ணாடி ஜாடியைப் பற்றியது. ஜன்னலோரத்து மேசையில் இருக்கும். மலையில் விளைந்ததிலேயே உருண்டு திரண்ட, கிளிப்பச்சை மாறாத காயாகப் பார்த்து அதில் போட்டு வைத்திருப்பார். வருகிற வியாபாரிகள் முதலில் அந்த ஜாடியைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டால் மூட்டைக்குள் இருப்பதையும் அதே மரியாதையோடு நினைப்பார்கள். அந்த ஜாடி குறைந்துகொண்டே வந்தது. வாரத் தொடக்கத்தில் கழுத்துவரை நிரப்பினால் நடுவாரத்தில் தோளுக்கு இறங்கும், வாரக் கடைசியில் இடுப்புக்கு.

கடையில் உட்கார்ந்திருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். வண்டன்மேட்டு மத்தியானத்தை அறியாதவர்கள் கேட்கிற கேள்வி அது. கஞ்சி குடித்து முடித்ததும் கம்பம் பக்கத்துச் சரிவிலிருந்து மஞ்சு என்கிற மூடுபனி ஏறி வரும். வாடிக்கையாளர் மாதிரி வாசல்படி ஏறி உள்ளே வந்து, மூட்டைகளின் மேல் உட்காரும். பின்னால் காய் உலர்த்தும் அறையிலிருந்து விறகுச் சூடும் ஏலக்காய் மணமும் கசியும். முன்னால் குளிர், பின்னால் கதகதப்பு, நடுவில், ஜாடி மேசையை ஒட்டி, சுவக்கீனின் சாய்வு நாற்காலி. அதில் உட்கார்ந்து விழித்திருக்க வேண்டுமானால் மனிதன் கல்லாக இருக்க வேண்டும். சுவக்கீன் கல் இல்லை. அவர் கண் மூடியதும் கடல் வந்துவிடும். அவர் கடலைப் பார்த்ததே கிடையாது. அதனாலோ என்னவோ அவருடைய கடல் பச்சையாக இருக்கும். அலைகள் ஏலத்தோட்டம் மாதிரி வரிசையாக நிற்கும். படகுகள் அவற்றின் இடையே குனிந்து குனிந்து போகும்.

கள்ளனைப் பிடிக்கும் யோசனையும் அப்படி ஒரு மத்தியானத்தில்தான் வந்தது. கம்பத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் கபிரியேல், இன்பமேரியின் சித்தி மகன். அவனிடம் கறுப்பாக, செங்கல் கனத்தில், பழைய பெட்டிக் கேமரா ஒன்று சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, ஜாடிக்கு எதிரே அலமாரியில் வைத்தார் சுவக்கீன். கபிரியேலே வந்து, ஜாடி மூடியிலிருந்து கேமராவின் விசைக்கு ஒரு கறுப்பு நூல் கட்டிக் கொடுத்தான். மூடியைத் தூக்கினால் நூல் இழுக்கும், விசை விழும், கள்ளன் படத்தில் விழுவான். ஒரு படம் விழுந்ததும் பக்கத்துத் திருகைச் சுற்றி பிலிமை நகர்த்த வேண்டும், மறந்தால் படத்தின் மேலேயே படம் விழும் என்று கபிரியேல் இரண்டு முறை சொன்னான். சுவக்கீன் ஒரு முறை கேட்டுக்கொண்டார்.

அடுத்த வேலை ஊருக்குச் சொல்வது. கள்ளன் படத்தில் விழுவதைவிட, விழுந்துவிடுவோமே என்று பயப்படுவது நல்லது என்பது அவர் கணக்கு. குமுளியில் இருந்த மலையாளப் பெயிண்டரிடம் போர்டு எழுதச் சொன்னார். அவனுக்குப் பேசுகிற தமிழ் அத்துப்படி, எழுதுகிற தமிழ் அரைகுறை. "இங்கே கனவு செய்பவர்கள் படம் பிடிக்கப்படுவார்கள்" என்று சிவப்பு எழுத்தில் போர்டு வந்தது. களவு கனவாகிவிட்டதே என்று சுவக்கீன் தலையில் கை வைத்தார். இன்பமேரி போர்டைப் படித்துவிட்டு, நாற்காலியையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, எழுதினவன் விவரமானவன், மாற்ற வேண்டாம் என்றாள்.

சந்தேகம் யார் மேல் என்று சுவக்கீனைக் கேட்டால், நேரே சொல்லமாட்டார். சின்னத்தாயி உட்கார்ந்திருக்கும் மூலையைப் பார்ப்பார். கடையில் காய் பொறுக்க வரும் பெண்களில் அவள் இடம் ஜாடிக்குப் பக்கம். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்கள் மேல் சந்தேகப்படுவது சுலபம். கேமராவைக் காட்டி, இதில் யார் முகம் விழுகிறதோ அந்தப் படத்தைக் கடை வாசலில் தொங்கவிடுவேன் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னபோதும் அவர் கண் அந்த மூலையில்தான் இருந்தது.

ஊர் பயந்ததா என்றால், இல்லை. கிளம்பி வந்தது. எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் பாதிப் பேர் பிறந்ததிலிருந்து படமே எடுத்துக்கொண்டதில்லை. ஒரு ஜாடி மூடியைத் தூக்கினால் சும்மாவே படம் விழும் என்று அங்கே செய்தி போய்விட்டது. தலைக்கு எண்ணெய் வைத்து, பூ முடித்து, ஞாயிற்றுக்கிழமைச் சேலையில் பெண்கள் வந்தார்கள். ஒருவன் பிறந்த குழந்தையைத் தூக்கிவந்து, அதன் பிஞ்சுக் கையாலேயே மூடியைத் திறக்கவைத்தான். இன்னொருவன் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். பக்கத்து மருந்துக்கடைக்காரர் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு வந்து திறந்தார். ஒருவரும் ஒரு காயைத் தொடவில்லை. திறந்தார்கள், விறைத்து நின்றார்கள், மூடினார்கள், போனார்கள். இவ்வளவு நாணயமான கூட்டத்தைச் சுவக்கீன் அந்தக் கடையில் பார்த்ததே இல்லை. ஜாடி மட்டும் வழக்கம்போல் இடுப்புக்கு இறங்கியிருந்தது.

முதல் பிலிம் கழுவி வந்தது. திருகு சுற்றப்படவே இல்லையாதலால் எல்லோரும் எல்லோர் மேலும் விழுந்திருந்தார்கள். பிறந்த குழந்தைக்கு மருந்துக்கடைக்காரரின் மீசை இருந்தது. ஒரு பெண்ணின் கொண்டையில் சேவல் நின்றது. எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு மஞ்சு. அந்தப் படத்தைச் சுவக்கீன் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். அவருடைய மத்தியானங்களை யாரோ எட்டிப் பார்த்து எடுத்தது போலிருந்தது. கள்ளன் கிடைக்கவில்லை என்ற வருத்தம்கூடச் சற்று நேரம் கழித்துத்தான் வந்தது.

இரண்டாவது பிலிம் போட்டார். இந்த முறை வேடிக்கைக் கூட்டத்தை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். திருகை ஒழுங்காகச் சுற்றினார்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், கடல் பாதி வந்திருந்த நேரத்தில், பொறுக்கும் இடத்திலிருந்து பேச்சு கேட்டது. சின்னத்தாயி ஊரைவிட்டே போகப் போகிறாளாம். தேவாரம் என்ற ஊரில் தம்பி வீடு இருக்கிறதாம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலை இறங்கிவிடுகிறாளாம்.

"அந்தப் பொட்டியில எம் மூஞ்சி விழுந்துட்டா என்னக்கா செய்ய?"

"நீதான் எடுக்கலையே" என்றது இன்பமேரியின் குரல்.

"எடுக்காட்டியும் பக்கத்துலதான உக்காந்திருக்கேன்."

அதற்கு இன்பமேரி என்ன சொன்னாள் என்பது கேட்கவில்லை. சுவக்கீனுக்குள் ஏதோ சுருக்கென்றது. எழுந்து போய் அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று நினைத்தார். நினைத்தபோதே அலை வந்து காலை நனைத்துவிட்டது.

அன்றைய கடல் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. அவர் படகில் இருந்தார். கரையில் நின்ற யாரோ, பழகிய கை போலிருந்தது, அவர் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து இறங்க உதவினார்கள். கை குளிர்ந்த எதற்குள்ளோ போனது. விரல்களுக்கு அடியில் சின்னச் சின்னக் கூழாங்கற்கள் வழுக்கின. தூரத்தில் எங்கோ ஒரு நூல் இழுபட்டது, டக் என்று ஒரு சத்தம். விழித்தபோது மஞ்சு கலைந்திருந்தது, டீ வந்திருந்தது. இப்படி ஒரு டீயை மலையில் வேறெங்கும் குடிக்கமுடியாது என்று அன்றைக்கும் சொல்லிக்கொண்டே குடித்தார்.

சித்தியைப் பார்க்கவேண்டும் என்று அந்த வாரம் இன்பமேரி கம்பத்துக்கு இறங்கினாள். பிலிமையும் அவளே கொண்டுபோனாள். படங்களோடு திரும்பி வந்தவள் நேரே கடைக்குள் நுழைந்தாள். பொறுக்கும் பெண்கள் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரரும் வந்து நின்றார். கள்ளன் விழுந்துவிட்டான், மூக்கும் முழியுமாகத் தெளிவாக விழுந்திருக்கிறான் என்றாள். ஆனால் உறையைப் பிரிக்கவில்லை.

"என்ன தண்டன குடுப்பீகன்னு மொதல்ல சொல்லுங்க. ஆளப் பாத்த பெறகு மனசு எளகிரும் ஒங்களுக்கு."

தன் மனசைப் பற்றி அவள் இப்படிப் பொதுவில் புகழ்ந்தது சுவக்கீனுக்குப் பிடித்திருந்தது. எழுந்து நின்றார். அந்தப் படம் கோயில் திருவிழா வரைக்கும் கடை வாசலில் தொங்கும் என்றார். எல்லோரும் தலையாட்டவே இன்னும் கொஞ்சம் உற்சாகம் வந்தது. பாவம் செய்யாத ஒருத்தர் மேல் சந்தேகம் விழக் காரணமாக இருந்ததால் கள்ளன் அவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்றார். இனி அந்த ஆள் ஜாடி இருக்கும் பக்கமே வரக்கூடாது; ஜாடியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை ஒரு நாணயமான ஆளிடம் கொடுக்கவேண்டும் என்றார்.

"அப்படி யாரு இருக்கா?" என்று கேட்டாள் இன்பமேரி.

"ஏன், நீ இல்லையா?" என்றார் சுவக்கீன், பெருந்தன்மையோடு.

அவள் உறையைப் பிரித்துப் படத்தை மேசையில் வைத்தாள்.

நாற்காலியில் சாய்ந்து, வாய் சற்றே திறந்து, ஒரு புனிதரைப் போல் தூங்கிக்கொண்டிருந்தார் சுவக்கீன். அவருடைய வலது கை மணிக்கட்டுவரை ஜாடிக்குள் இருந்தது.

ஒரே ஒரு பார்வைதான் பார்த்தார். படத்தைக் குப்புறக் கவிழ்த்தார். அதற்குள் மற்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டிருந்தார்கள். தூக்கத்தில் நடக்கிறவர்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தார். தூக்கத்தில் திருடுகிறவர்களும் இருப்பார்கள் போலிருக்கிறது, அப்படி ஒருவரைத் தனக்குள் வைத்துக்கொண்டுதான் இத்தனை காலம் குடித்தனம் செய்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். ஆனால் சொன்ன சொல்லிலிருந்து அவர் பின்வாங்கவில்லை. நேரே மூலைக்குப் போனார்.

"தப்பு எம்மேலதான் சின்னத்தாயி. ஒன்னையச் சந்தேகமா நெனச்சது பாவம். மனசுல வச்சுக்காத."

சின்னத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து அவர் கண்ணும் கலங்கியது. பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பல நாளாக மடியிலேயே ஒடுங்கிக் கிடந்த கையை நீட்டி, குவியலிலிருந்து ஒரு பிடி காயைத் தன் முறத்துக்கு இழுத்துக்கொண்டாள். தேவாரத்துக்கு அவள் போகவில்லை.

சாவி இன்பமேரியின் இடுப்புக்குப் போனது. படம் வாசலுக்குப் போனது. போகிற வருகிறவர்கள் அதன் அருகே போய், குனிந்து, உற்றுப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். சுவக்கீன் அந்தப் பக்கமே திரும்பமாட்டார். வாசலைத் தாண்டும்போது வானத்தைப் பார்த்துக்கொண்டு தாண்டுவார். மத்தியானங்களில் கண்ணை மூடுவதற்கு முன், வலது கையைத் துண்டால் நாற்காலியின் கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கட்டிப்போட்ட கையோடு கடலுக்குப் போனால் படகு ஒரு பக்கமாகவே சாய்ந்தது.

திருவிழாவுக்குப் படம் எடுக்கக் கபிரியேல் வந்தான். வாசலில் தொங்கியதைப் பார்த்துவிட்டுப் பெருமையோடு உள்ளே வந்தான்.

"அந்த வெளிச்சத்துக்கு ரெண்டு கையும் எவ்வளவு துல்லியமா விழுந்திருக்கு, பாத்தீகளா அத்தான்?"

"ரெண்டு கையா?"

"ஒங்க கையும், அதப் பிடிச்சிருக்க அக்கா கையும்."

சுவக்கீன் எழுந்தார். துண்டு கட்டியிருந்ததால் நாற்காலியும் கூட எழுந்தது. அவிழ்த்துவிட்டு வாசலுக்குப் போய், முதல்முறையாக அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். மணிக்கட்டின் மேல் இரண்டு விரல்கள். ஒன்றில், கோயிலில் குருவானவர் முன்னால் அவரே போட்டுவிட்ட மோதிரம். படத்தின் ஓரத்தில் பூப்போட்ட ரவிக்கைக் கை. ஊர் பூராவும் குனிந்து குனிந்து பார்த்தது இதைத்தான்.

உள்ளே வந்து, ஜாடியில் காய் எடுத்தது யார் என்று மனைவியிடம் கேட்டார்.

"நாந்தான்" என்றாள் இன்பமேரி, ஒளிக்காமல். காலையிலிருந்து மஞ்சுக்குள் உட்கார்ந்து பொறுக்குகிற பெண்களின் டீயில் தட்டிப் போட்டாளாம். முதல் கிளாஸ் அவருக்குத்தான் வருமாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கல்யாணமான புதுசுலயே கேட்டேன். கண்ண மூடி யோசிச்சுச் சொல்றேன்னீக."

அவள் கேட்டதாகச் சுவக்கீனுக்கு நினைவில்லை. யோசித்ததாகவும் நினைவில்லை.

"அதுக்காக என்னையப் போயி கள்ளனாக்கணுமா?"

"நான்னு சொன்னா டீ நின்னுபோகும். சும்மா விட்டா சின்னத்தாயி ஊரவிட்டுப் போயிருவா. மிச்சம் வேற யாரு இருக்கா?"

அவர் ஆளாளாக எண்ணிப் பார்த்தார். நியாயமாகத்தான் இருந்தது. கோபப்படலாமா என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே டீ வந்தது. மணம் மஞ்சுக்குள் பரவி, கோபத்துக்கு இடம் விடாமல் கடையை நிரப்பியது. குடித்து முடித்தவர், வாசல் படத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் மாட்ட மரியாதையாக வேறொரு படம் எடுத்துக்கொடு, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கிற மாதிரி, என்று கபிரியேலிடம் கேட்டுக்கொண்டார்.

மஞ்சு விலகிய ஒரு நிமிஷத்தில் இருவரையும் வாசலில் நிற்கவைத்தான் கபிரியேல். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனவன் நிமிர்ந்து, "அத்தான், கை சும்மா தொங்குது, எங்கயாவது வைங்க" என்றான்.

சுவக்கீன் கையைப் பார்த்தார். பிறகு, எங்கே வைப்பதென்று இன்பமேரியைக் கேட்டார்.