பாட்டில் மூச்சு விடட்டும்

"ஐயையோ!"

கார்க் பாதியில் முறிந்து, மீதி பொடிப்பொடியாகப் பாட்டிலுக்குள் விழுந்ததும் சமையலறையில் நின்றிருந்த குமாஸ்தாவுக்கு உயிரே போய்விட்டது.

கடல் கடந்து, ஏதோ மலைச்சரிவிலிருந்து வந்த பன்னிரண்டு வருஷத்து ஒயின். மானேஜர் வீட்டு விருந்துக்குத் தலைமை அலுவலக டைரக்டரே வந்து ஹாலில் உட்கார்ந்திருக்கிறார். "ஒரு மணி நேரம் முன்னாடியே திறந்து வை. ஒயின் காத்துப் பட்டு மூச்சு விடணும், அப்பதான் ருசி. அதுக்கு ஏதாவது ஆச்சு, நாளைக்கு ஆபீஸ் பக்கமே வராதே" என்று மானேஜர் கறாராகச் சொல்லியிருந்தார். குமாஸ்தாவின் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"என்னய்யா சத்தம்?" ஹாலிலிருந்து மானேஜரின் குரல் வந்தது.

"தும்மல் சார்! ஜலதோஷம்!"

டீ வடிகட்டியைத் தேடியெடுத்து ஒயினை ஒரு ஜாடியில் ஊற்றினான். கார்க் பொடி நின்றது. வடிகட்டியில் ஒட்டியிருந்த டீத்தூள் உள்ளே போனது. தலையில் அடித்துக்கொண்டு, சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையை விரித்து, கழுவிய பாட்டிலுக்குள்ளேயே மறுபடி வடிகட்டினான். சுத்தமாக இறங்கியது. அப்பாடா என்று கைக்குட்டையைப் பிழியும்போதுதான் ஞாபகம் வந்தது. மூக்கடைப்புக்காகக் காலையில் அதில்தான் அரைக் குப்பி யூகலிப்டஸ் தைலத்தைக் கொட்டியிருந்தான்.

முகர்ந்து பார்த்தான். அடைத்த மூக்குக்கு என்ன தெரியும்? செய்தித்தாளை எடுத்துப் பாட்டிலுக்கு விசிறினான்.

மானேஜரின் மனைவி எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, ஹால் வரைக்கும் தைல வாசனை அடிக்குது?"

"அது... என் கைக்குட்டை மேடம்."

கைக்குட்டை சிவந்திருந்தது. அந்த அம்மாள் அதையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் வெளிறியது. விறுவிறுவென்று ஹாலுக்குத் திரும்பினார். போச்சு, குட்டு உடைந்தது என்று நினைத்துக்கொண்டான்.

ஹாலில் டைரக்டர் கோப்பையைச் சுழற்றினார். மூக்கை உள்ளே விட்டார். ஒரு வாய் வைத்துக் கண்ணை மூடினார். வேலை போனதற்கு மனைவியிடம் சொல்ல வேண்டிய பொய்யைக் குமாஸ்தா மனசுக்குள் தயார் செய்தான்.

"அடடா! இந்தத் திராட்சை விளையுற தோட்டத்தைச் சுத்தி யூகலிப்டஸ் மரம்தான். நானே நேர்ல பார்த்திருக்கேன். அந்தக் காத்து அப்படியே திராட்சையில ஏறியிருக்கு!"

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன் சார்" என்றார் மானேஜர். "அடியில லேசா தேயிலை கூட..."

"ஆகா, என்ன நாக்குய்யா உமக்கு! பக்குவமாத் திறந்தது யாரு? இந்தப் பையனை முதல்ல நிரந்தரம் பண்ணும்."

சமையலறைக்குள் வந்தவனை மானேஜரின் மனைவி மடக்கினார்.

"பொழைச்சோம் தம்பி! போன மாசம் நானும் என் தங்கச்சிங்களும் அந்த ஒயினைக் காலி பண்ணிட்டு, கடைத் திராட்சை ஜூஸை ஊத்தி, கார்க்கைச் சுத்தியலால அடிச்சு மூடி வச்சோம். நல்லவேளை, நீ தைலம் கலந்தே!"