தோப்புக்கு ஆதாரம்

"தோப்பு வந்துடுச்சா?" என்று மனைவி கேட்டதும் அகராதிக்காரருக்குப் புரையேறியது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துபோனார்.

அகராதி அலுவலகத்தில் அவருக்கு 'ஆதாரம்' என்றே பெயர். மணி ஒன்றாகிவிட்டது என்று யாராவது சொன்னால்கூட எந்தக் கடிகாரத்தில் என்று கேட்பார். ஒரு சொல்லின் பிறப்பை எழுதுவதற்குள் நாலு புத்தகத்தைப் புரட்டிவிடுவார். அப்படிப்பட்ட மனுஷர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை ஆதாரமில்லாமல் அளந்துவிட்டார். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள், மரங்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, தோப்பு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்டாள். தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

"தோளோட தோள் சேந்து நிக்கிற மரங்க. தோள்லேருந்து வந்ததுதான் தோப்பு."

அவள் கொஞ்சம் நகர்ந்து அவர் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். இரண்டே மாதத்தில் கல்யாணம்.

இருபத்தேழு வருஷம் ஓடிவிட்டது. இப்போது புதிய பதிப்புக்கு 'தோ' வரிசைச் சொற்களின் சீட்டுகள் அவர் மேஜைக்கே வந்து தொலைத்தன. தொகுப்பு என்பதுதான் தோப்பு ஆகியிருக்கும் என்கிறது பழைய அகராதி. தோளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பொய்யை எழுதினால் செய்கிற வேலைக்குத் துரோகம். உண்மையை எழுதினால், அவளைக் கைப்பிடித்ததே ஒரு புளுகை வைத்துத்தான் என்று அச்சில் ஏறிவிடும். அவள் முகம் வாடினால் அவருக்குச் சோறு இறங்காது. அவ்வளவு பிரியம், அவ்வளவு பயம்.

அன்று மாலை, இடம் போதாமல் அந்தச் சொல்லையே நீக்கிவிட்டார்கள் என்று வீட்டில் சொல்லிவைத்தார்.

மனைவி சும்மா இருப்பாளா? மறுநாளே தலைமைப் பதிப்பாசிரியருக்குப் போன் போட்டு, எங்க வீட்டுக்காரர் கண்டுபிடிச்சதை எப்படி எடுக்கலாம் என்று ஒரு பிடி பிடித்தாள். பதிப்பாசிரியர் மிரண்டுபோய், கட்டாயம் போட்டுவிடுகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். போனை வைத்த கையோடு அகராதிக்காரரைக் கூப்பிட்டார்.

"தோள்தான் மூலமாமே? வெள்ளிக்கிழமைக்குள்ள ஆதாரம் குடுங்க."

ஆதாரத்திடமே ஆதாரம் கேட்ட செய்தி மதியச் சாப்பாட்டுக்குள் அலுவலகம் முழுக்கப் பரவியது. அவர் சாப்பிடவில்லை.

வீட்டில் மனைவி விசாரித்தாள். ஆதாரம் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் இருக்கிறது, கண்ணில்தான் படமாட்டேன் என்கிறது என்று அடுத்த பொய்யை அவிழ்த்துவிட்டார். ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பது சும்மாவா?

"அப்ப வெள்ளிக்கிழமை நானும் வரேன். ரெண்டு பேருமாத் தேடலாம்," என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, அவசர வேலை, நேராக நூலகத்துக்கு வந்துவிடு என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே அங்கே போய் நின்றார். நூலகர் அம்மாள் அப்போதுதான் புத்தகங்களுக்கு முத்திரை குத்த ஆரம்பித்திருந்தார். பெஞ்சில் சொன்ன பொய்யிலிருந்து புத்தகப் பொய்வரை அகராதிக்காரர் அவரிடம் ஒன்றுவிடாமல் கொட்டினார்.

"அப்படி ஒரு புத்தகமே கிடையாதும்மா. அவ வந்து கேட்டா, தொலைஞ்சுபோச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இத்தனை வருஷமா அதை நெஜம்னு நம்பிட்டிருக்கா. அவ மனசு ஒடைஞ்சா என்னால தாங்க முடியாது."

நூலகர் அம்மாள் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு, அவர் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நேத்தே உங்க வீட்டம்மா வந்து, தோள் கதை தப்புன்னு தனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும், பாவம் அவர்தான் இன்னும் நம்பிட்டிருக்கார், புத்தகம் தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடுங்கன்னு கண் கலங்கிட்டுப் போனாங்க சார்."