நாலு பேர் உட்கார்ந்தால் நகரும் புள்ளி

நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, மாலை 4 மணி 10 நிமிடம். இதுவரை ஏற்கப்பட்ட என் ஆய்வுக் கட்டுரைகள்: ஒன்று.

மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அத்தான் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீங்கள், அக்கா, பாப்பா மூவரும் நலமென்றே எடுத்துக்கொண்டு மேலே போகிறேன். இல்லையென்றால் அக்கா இதற்குள் நாலு தடவை போன் செய்திருப்பாள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இழுத்தடிக்கும் பழக்கம் எனக்கில்லை. உங்கள் தொழிற்சாலையின் தரச் சோதனைப் பிரிவில், மேலாளரிடம் பேசி இந்த மாதக் கடைசி வரை எனக்காகப் பிடித்து வைத்திருக்கிறீர்களே, அந்த வேலை எனக்கு வேண்டாம். வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கோபத்தில் சொல்லவில்லை, ஜெயித்த தெம்பில் சொல்கிறேன். ஆகஸ்டில் போனில், "ஏழு வருஷமா ஒரு கம்பியைத் தொங்கவிட்டு வேடிக்கை பாக்குறியே, அது ஆடுதா இல்லையான்னாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டீர்கள். ஏழு இல்லை, ஐந்து. அப்புறம், அது ஆடியது. ஆடியதுதான் பிரச்சினையே.

நீங்கள் கம்பி என்று சொன்னது தலைமுடியைவிட மெல்லியது. அதன் நுனியில் குறுக்காக ஒரு சின்னத் தண்டு, தண்டின் முனைக்கொன்றாக இரண்டு குண்டு, நடுவில் நகமளவு கண்ணாடி. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியாக விழும்; அதை ஒரு கேமரா என் மடிக்கணினிக்கு அனுப்பும். பக்கத்தில் பெரிய ஈயக் குண்டைக் கொண்டுவந்தால் அதன் ஈர்ப்பில் தண்டு துளி திரும்பும், புள்ளி நகரும். அந்த நகர்வை இதுவரை யாரும் அளக்காத துல்லியத்தில் அளப்பது என் ஆய்வு. ஆனால் ஜூன் மாதத்திலிருந்து, ஈயக் குண்டு அலமாரியில் சிவனே என்று கிடக்கும்போதே புள்ளி தன்பாட்டுக்கு நகர ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கு மேல் நகரும், மதியம் திரும்பி வரும். மின்விசிறியை நிறுத்திப் பார்த்தேன். லிப்ட்மேல் சந்தேகம் வந்து, காவலாளியைக் கெஞ்சி அதை ஒரு காலை முழுக்க நிறுத்தவைத்தேன். அன்றைக்குத்தான் முழங்கால் வலிக்காரரான துறைத்தலைவர் மூன்று மாடி ஏறி வந்து, யார் வேலை இது என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். கடைசியில் என்மேலேயே சந்தேகம் வந்து, அறையைப் பூட்டிவிட்டு வராந்தாவில் நின்று கணினியில் பார்த்தேன். அப்போதும் நகர்ந்தது. சரி, இது புது விசைதான் என்று முடிவு செய்தேன். சிரிக்காதீர்கள் அத்தான், ஐந்து வருடம் ஒரே புள்ளியைப் பார்த்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? நேராக என் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் வரைபடத்தை மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"ஏம்பா, இது சனி ஞாயிறு லீவு எடுத்துக்கிற விசையா?"

வாரக் கடைசியில் புள்ளி நகரவேயில்லை என்பதை நான் கவனிக்கவில்லை. "செப்டம்பர் குழுக் கூட்டத்துக்குள்ள காரணத்தைக் கண்டுபிடி. இல்லைன்னா கருவியைக் கழட்டிடலாம். நல்ல பையன், சுறுசுறுப்பானவன்னு நானே ஒரு கடிதம் எழுதித் தரேன், எங்கயாவது வேலைக்குப் போயிடு" என்றார். அந்த வாரம்தான் நீங்களும் போன் செய்தீர்கள். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறீர்களோ என்றுகூட நினைத்தேன்.

லீவு எடுக்கிற விசை என்றால் அது மனுஷ விசைதான். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கம் தேடக் கிளம்பினேன். பக்கத்து அறை சமூகவியல்காரர்களுடையது. இந்த மூன்றாம் மாடியில் இயற்பியலும் சமூகவியலும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு, ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்க்காமல் வாழ்கின்றன. உள்ளே, என் சுவரை ஒட்டி வரிசையாக ஐந்து நாற்காலி. நாலில் ஆட்கள். மேசைக்குப் பின்னால் ஒரு பெண்மணி, "உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்றார். "இல்லைங்க, நான் வந்தது..." "கூப்பிடுவாங்க சார்." என்ன செய்ய? காலியாக இருந்த ஐந்தாவதில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த கணத்தில் மடியிலிருந்த கணினியில் புள்ளி நகர்ந்தது! எழுந்தேன், திரும்பியது. உட்கார்ந்தேன், நகர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த வழுக்கைத்தலைப் பெரியவர் என் தோளைத் தொட்டு, "தம்பி, மூலமா? அதுக்கு மெத்தை வச்ச நாற்காலிதான் நல்லது" என்றார். "ஐயா, நீங்களும் எந்திரிங்க! எல்லாரும் ஒண்ணா எந்திரிங்க!" என்று கத்தினேன். எழுந்தார்கள். "உக்காருங்க!" உட்கார்ந்தார்கள். ஒருவர்கூட ஏனென்று கேட்கவில்லை. புள்ளி, அத்தான், புள்ளி நான் சொன்னபடியெல்லாம் ஆடியது.

அந்தப் பெண்மணி பாய்ந்து வந்தார். "யார் சார் நீங்க? ஒரு நாள் வேலையே போச்சு!"

"உங்களால எனக்குப் போனது மூணு மாசம்ங்க!"

விஷயம் இதுதான். அவரும் ஆய்வாளர். காத்திருங்கள் என்று சொன்னால் மனிதர்கள் ஏனென்று கேட்காமல் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், எப்போது நெளிய ஆரம்பிப்பார்கள் என்பது அவர் ஆய்வு. அங்கே யாரும் யாரையும் கூப்பிடப் போவதில்லை; மதியம் உண்மையைச் சொல்லிச் சம்மதம் வாங்கி அனுப்பிவிடுவார். நானும் என் புள்ளியின் கதையைச் சொன்னேன். "ஆளுங்களைச் சும்மா உக்கார வச்சு வேடிக்கை பாக்குறதுக்குப் பேரு ஆராய்ச்சியா?" என்றேன். "செவத்துல ஒரு புள்ளியை அஞ்சு வருஷமா வேடிக்கை பாக்குறதுக்கு என்ன பேரு?" என்றார். பிறகு அவரே இறங்கி வந்தார்: "கேமரா வச்சா பாஸ்போர்ட் போட்டோவுக்கு மாதிரி விறைச்சு உக்காந்துடறாங்க. நான் பாத்துட்டே இருந்தாலும் அதே கதைதான். என் வழிகாட்டி இந்தத் தரவைக் குப்பையில போடுங்கறாங்க." நான் அவரை என் அறைக்குக் கூட்டிப்போய் அன்றைய வரைபடத்தைக் காட்டினேன். தன் குறிப்புகளோடு வைத்துப் பார்த்தவர், "இது அந்தப் பெரியவர் கால் மாத்திப் போட்டது! இது ரெண்டாவது நாற்காலி முன்னால சாஞ்சது!" என்று கூவினார். நாற்காலியில் யார் நெளிந்தாலும் தளம் துளி சாய்கிறது, நாற்காலிக்கு நாற்காலி வெவ்வேறு அளவில்; என் தண்டு அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. எனக்குத் தொல்லை, அவருக்குத் தரவு.

(அக்கா இந்த இடத்தில் கடிதத்தைப் பிடுங்கி, யார் அந்தப் பெண், என்ன வயது என்று கேட்பாள். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் என்று சொல்லிவிடுங்கள்.)

செப்டம்பர் கூட்டத்தில் இருவரும் சேர்ந்தே போய் நின்றோம். குழுவில் ஒருவரும் நம்பவில்லை. "அப்ப நீங்களே வந்து உக்காருங்க" என்றேன். கொஞ்சம் மரியாதையாகச் சொல்லியிருக்கலாம்தான். வந்தார்கள். ஐந்து பேராசிரியர்கள் ஐந்து நாற்காலியில், காந்தியின் குரங்குகள்போல அசையாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் என் அறையில் புள்ளியைப் பார்த்தேன். நான் திரும்பி வந்ததும் குழுத்தலைவர், "சரி, முதல்ல நெளிஞ்சது யாரு?" என்றார். "கதவோரம் இருக்கறவர் சார். ரெண்டு தடவை." கதவோரம் இருந்தது என் வழிகாட்டி. அவர் மெல்ல, "எறும்பு" என்றார். அறையே குலுங்கச் சிரித்தது, அந்தச் சிரிப்பும் வரைபடத்தில் பதிந்திருக்கிறது. பொறுமை எப்போதும் கதவோர நாற்காலியில்தான் முதலில் உடைகிறது, அங்கிருந்து அலைபோல ஒவ்வொரு நாற்காலியாகப் பரவுகிறது என்று காட்டினோம், அலைக்குச் சமன்பாடு என்னுடையது, காரணம் அவருடையது. கருவி தப்பியது. "ஆனா அச்சுல வரட்டும், அப்புறம் குதி" என்றார் வழிகாட்டி. வெளியே வந்ததும் என் காதருகில், "எறும்பைக் கட்டுரையில போடாதே" என்றும் சொன்னார்.

இன்று காலை இதழிலிருந்து கடிதம் வந்துவிட்டது. ஏற்றுக்கொண்டார்கள், ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றச் சொல்லாமல்! வழிகாட்டி என் முதுகில் தட்டிய தட்டில் இருமல் வந்தது. இனி யார் என்னைக் கம்பி தொங்கவிட்டவன் என்று சொல்வார்கள், பார்க்கலாம்.

அக்காவுக்கு என் அன்பு. பாப்பா கன்னத்தில் என் சார்பில் ஒரு கிள்ளு, அழாத அளவுக்கு. உங்களுக்கு, ஜெயித்தவனின் பெருந்தன்மையோடு, நிறைந்த வணக்கங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: மேலே உள்ளதை மடித்து உறையில் போடும்போது கட்டடப் பொறியாளர் கதவைத் தட்டினார். கையில் எங்கள் கட்டுரை. துறை அறிவிப்புப் பலகையில் காலையில் நான் ஒட்டியதைக் கிழித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

"இதை எழுதினது நீங்கதானே? ஆளுங்க எந்திரிச்சுப் போனப்புறமும் புள்ளி முழுசா பழைய இடத்துக்கு வரலைன்னு அடிக்குறிப்பு போட்டிருக்கீங்க."

"ஆமா சார், தினம் துளித்துளியா ஒரே பக்கம் நகருது. அது தொல்லை. அதைக் கழிச்சுட்டுத்தான் மத்த கணக்கெல்லாம். அதனாலதான் இவ்வளவு துல்லியம்" என்று பெருமையாகச் சொன்னேன்.

"அந்தக் கழிச்ச எண்ணுதான் சார் எனக்கு வேணும். அது தளம் இறங்குறது. எல்லாரும் இப்பவே கீழ போங்க."

மணி ஆறு. கட்டடத்துக்குச் சீல் வைத்துவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. கருவி உள்ளே, நான் எதிர்ப்புறப் புல்தரையில். ஆனால் ஒன்று: கட்டடத்தை மூடும் உத்தரவின் முதல் வரியிலேயே எங்கள் கட்டுரை மேற்கோள் காட்டப்பட்டிருக்கிறது. அச்சாகும் முன்பே மேற்கோள்! துறையில் வேறு யாருக்கும் இது நடந்ததில்லை. அடுத்து நான் செய்யப்போவது:

1. பொறியாளர் கையைக் காலைப் பிடித்து, கம்பியையாவது வெளியே கொண்டுவருவது.

2. கழித்த எண்ணைத் திரும்பச் சேர்த்து இரண்டாவது கட்டுரை.

3. மூன்று மாடி ஜனமும் ஏனென்று கேட்காமல் இந்தப் புல்தரையில் நின்றுகொண்டிருக்கிறது. பக்கத்து அறை மேடம் குறிப்பெடுக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு உதவி, அது மூன்றாவது கட்டுரை.

4. வழிகாட்டியிடம், நான் சுறுசுறுப்பானவன் என்ற அந்தக் கடிதத்தை எழுதி வாங்குவது.

5. இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்து சேர்வதற்கு முன்பாக, இன்று இரவே உங்களுக்குப் போன் செய்து, அந்தத் தரச் சோதனை நாற்காலியில் வேறு யாரையும் உட்கார விடாதீர்கள் என்று சொல்வது.