அஞ்சு வளையக் கவுன்

இந்தத் தடவை கறிச்சோறு தின்னே தீருவது என்று பாலகுரு முடிவு கட்டிவிட்டார். ஆறு மாசமாக மனுஷன் கறியைத் தொடவில்லை. கொழுப்பு கூடிப்போச்சு என்று டாக்டர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். பெண்டாட்டி மாரிசெல்வி அதை அரசாங்க உத்தரவு மாதிரி பிடித்துக்கொண்டாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் பக்கத்து இலையில் உட்கார்ந்துகொள்வாள். கறிவாளி வந்ததும் இவர் இலைக்குக் குறுக்கே கையை நீட்டி, அவுகளுக்கு வேண்டாம் என்பாள். எம்புட்டு ரசத்தைத்தான் குடிப்பார், பாவம்.

இப்போது வெம்பக்கோட்டையில் தங்கச்சி பொன்னுத்தங்கத்தின் மகள் சினேகாவுக்குக் காதுகுத்து. கிடா ரெண்டு வெட்டுகிறார்கள். தாய்மாமன் எடுத்துக் கொடுக்கிற உடுப்பைப் போட்டு, தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொள்ளும். தாய்மாமன் இவர். உடுப்பு தைக்கிறது மாரிசெல்வி. ஏழாயிரம்பண்ணையில் கவுன் தைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது.

அங்கேதான் பாலகுருவுக்கு மூளை வேலை செய்தது. கவுன் அகலமாக இருந்தால் அதைத் தூக்கிப் பிடிக்க, இழுத்துவிட, ஒருத்தி கூடவே அலைய வேண்டும். தைத்தவள்தானே அலைவாள்? அவள் கவுனுக்குப் பின்னால் போகட்டும், நாம் பந்திக்குப் போவோம்.

பட்டாசுக் கம்பெனியில் அவருக்குப் பேக்கிங் வேலை. பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையில் மிச்சம் விழுந்ததைக் கேட்டு வாங்கி, சுருட்டிக்கொண்டு வந்தார். இதை வளையமாக்கிப் பாவாடைக்குள் வைத்துத் தைத்தால் குடை மாதிரி நிற்கும் என்றார்.

மாரிசெல்வி பட்டையை வளைத்துப் பார்த்தாள். "ரெண்டு வளையம் போதுங்க. சின்னப் பிள்ள."

"அஞ்சு போடு. தாய்மாமன் சீருன்னா சும்மாவா?"

அவரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தாள். மறுபேச்சு இல்லாமல் தைத்தும் விட்டாள். பெண்டாட்டி சண்டை போடாமல் ஒத்துக்கொண்டால் ஒரு மனுஷன் சுதாரிக்க வேண்டாமா? இவருக்கு அதற்குள் மூக்கில் கறி வாசம் ஏறியிருந்தது.

காதுகுத்து அன்று சினேகா கவுனில் வந்து நின்றாள். இடுப்புக்குக் கீழே கூடாரம். ஊரே வாயைப் பிளந்தது. பாலகுரு பெருமையாகப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தார். வைத்ததும் அஞ்சு வளையமும் ஒண்ணா எழும்பி, பிள்ளை முகத்தை மறைத்து, இவர் மூக்கில் வந்து இடித்தது. காது குத்த வந்த ஆசாரிக்குக் காது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

மாரிசெல்வி பதறவே இல்லை. "ரெண்டு கையாலயும் நல்லா அமுக்கிப் பிடிங்க. விட்டீகன்னா ஊசி வேற எங்கயாவது ஏறிரும்."

அமுக்கினார். காது குத்தியாயிற்று. பிள்ளை அழுது ஓய்ந்து, மாமன் நெஞ்சில் சாய்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. அதற்குள் போட்டோக்காரர் வந்துவிட்டார். தாய்மாமனோடு ஆளுக்கொரு போட்டோ எடுத்துக்கோங்க என்று சொந்தக்காரர்களை வரிசையாக அனுப்பி வைத்தது யார் என்கிறீர்கள்? மாரிசெல்விதான். கையை எடுத்தால் பாவாடை மூஞ்சிக்கு வருகிறது, எடுக்காவிட்டால் பந்திக்குப் போக முடியாது. முதல் பந்தி எழுந்தது. ரெண்டாம் பந்தியும் எழுந்தது. கறிவாளி கண்ணெதிரே நாலு தரம் போய் வந்தது. பாலகுருவுக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகள் மேல் எம்புட்டுப் பாசம் பாரு என்று சனம் மெச்சியது.

கடைசிப் பந்தியும் முடிந்த பிறகு மாரிசெல்வி ஒரு தட்டோடு வந்தாள். அவர் கை ரெண்டும் வளையத்தில் இருந்ததால் அவளே பிசைந்து ஊட்டினாள். ரசஞ்சோறு. பார்த்த பொம்பளைகள் கண்ணு வைத்தார்கள்.

"கறி?" என்றார் மெதுவாக.

"தீந்துபோச்சுங்க. ரெண்டு வளையம்னா உக்காந்ததும் மடங்கிக்கிரும். அஞ்சு போட்டா பிடிச்ச ஆள அசைய விடாது. தைக்கிறவளுக்கு அது தெரியாதா?"

பாலகுரு ரசஞ்சோற்றை முழுங்கினார். "நீ சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேனே. உங்க பங்கையும் சேத்துத்தான்."