தாடையில் குடியேறிய ஆவி

எழுபத்து மூன்றாம் வருஷம் கோவிந்தாபுரத்துக்கு வந்த பஸ்ஸெல்லாம் பெண்களையே கொட்டின. மஞ்சள் சாமி வந்திருக்கிறாராம்! சாந்தன்பாறை ஏலக்காட்டில் பன்னிரண்டு வருஷம் தவம் கிடந்தவராம். பெண்ணுக்கு முகத்தில் முடி முளைத்தாலோ, மாதவிலக்கு தள்ளிப் போனாலோ உள்ளே ஆண் ஆவி இருக்கிறதாம். தாடையில் மஞ்சள் பூசி, கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு. சிவந்தால் ஆவி. இதுவரை யாருக்கும் சிவக்காமல் போனதில்லை. அடேயப்பா, செத்த ஆம்பளைகளுக்கு வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது!

வரிசையில் பொன்னாத்தாள் நின்றாள். அவள் தாடையிலும் நாலு முடி உண்டு. கல்யாணமாகி மூன்று வருஷம், குழந்தையில்லை. சிவந்துவிட்டால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்ப்பதென்று கூடவே வந்திருந்த மாமியார் செல்லாத்தாள் முடிவே கட்டியிருந்தாள்.

"அத்தை, எங்கம்மாளுக்கும் சின்னம்மாளுக்கும் இப்படித்தானுங்க. ஆம்பளைக்கு ஊறுற ஹார்மோன் எல்லாப் பொம்பளைக்கும் கொஞ்சம் ஊறுமுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எங்க வம்சத்துல அது சாஸ்தியாமுங்க. மருந்து இருக்குதாமுங்க."

"வாயை மூடு! சாமிக்குத் தெரியாதது டாக்டருக்குத் தெரியுமாக்கும்?"

வரிசை நகர நகர, பொன்னாத்தாள் சாமியின் கையையே பார்த்தாள். ஒவ்வொருத்திக்கும் முன்னால் கட்டைவிரல் மடியிலிருந்த டப்பாவுக்குள் போய் வந்தது. வெற்றிலையே போடாத வாய்க்குச் சுண்ணாம்பு டப்பா எதற்கு?

அவள் முறை வந்தது. சாமி மஞ்சள் பூசினார். விரலை நீட்டினார். சட்டென்று அந்தக் கையைப் பிடித்து, மஞ்சள் அப்பியிருந்த சாமியின் நெற்றியிலேயே ஓர் இழுப்பு இழுத்தாள்.

ரத்தச் சிவப்பு!

"ஐயய்யோ, சாமிக்கும் ஆவி புடிச்சிருச்சுங்க!" என்று கூவினாள் பொன்னாத்தாள்.

"ஏ, விடு புள்ள, கை வலிக்கி!" என்று துள்ளினார் சாமி. மடியிலிருந்த டப்பா உருண்டு செல்லாத்தாள் காலடியில் திறந்துகொண்டது. உள்ளே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு.

"ஏனுங்க அத்தை, ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் ஆரத்தி கரைக்கறது நீங்கதானுங்களே. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா என்னாகுமுங்க?"

செல்லாத்தாள் குனிந்து சுண்ணாம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எருமை வாங்கறப்ப அதோட தாயி எத்தனை படி கறந்துச்சுன்னு மூணு ஊருக்குப் போயி விசாரிச்சீங்க. எங்கம்மாளைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா? கல்யாணமாகி அஞ்சு வருஷம் கழிச்சுத்தானுங்க என்னையப் பெத்தா!"

கூட்டம் சாமியைத் தேடியது. சாமி அதற்குள் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறியிருந்தார், நெற்றிச் சிவப்போடு.

"அந்த டாக்டரம்மா எந்தக் கெழமை வருவா?" என்றாள் செல்லாத்தாள், மருமகள் முகத்தைப் பார்க்காமலே.

தாய்மார்களே, ஆரத்தித் தட்டில் மஞ்சளையும் சுண்ணாம்பையும் மட்டும் கரையுங்கள். மூளையையும் சேர்த்துக் கரைத்துவிடாதீர்கள்!